தென்னங்கீற்று தடுத்த தொலைபேசி

“ஒரு மாதத்துக்குத்தான் தம்பி, ஏதாவது செய்து கொடுங்கள்” என்று ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையின் கணக்குப்பிள்ளை என்னிடம் கேட்டது 2024 ஆகஸ்ட் மாதம். அந்த ஒரு மாதம் முடிந்தபோது பொங்கல் கரும்புச் சக்கைகூடத் தெருவில் மிச்சமில்லை.

புதுச்சேரியில் இருபத்திரண்டு வருடமாக இன்டர்காம் போடுவதும், வெளி அழைப்பை உள்ளே மேசைக்கு மேசை மாற்றிவிடும் ஈபிஏபிஎக்ஸ் பெட்டியைப் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. விடுதிகள், பள்ளிகள், ஜவுளிக்கடைகள், இரண்டு திருமண மண்டபங்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, “போன்காரர்” என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு கைப்பேசி வந்த பிறகு, “உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறதா?” என்று பரிதாபமாக விசாரிக்கிறார்கள். அவர்களைக் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அப்படி ஒரு கடை. ஒன்பது முதல் பதினொன்றரை வரை அங்கே போன் கீழே வைக்கப்படுவதில்லை. வில்லியனூர், பாகூர், திருக்கனூர், மதகடிப்பட்டு, இந்தப் பக்கம் கடலூர் மஞ்சக்குப்பம் வரை இருக்கிற சில்லறை மருந்துக்கடைக்காரர்கள் அன்றைய தேவையைச் சொல்கிற நேரம் அது. மூன்று லைன்கள், ஹன்டிங் போட்டவை. முதல் லைனில் ஆள் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாவதில் மணி அடிக்கும், அதுவும் பிடிபட்டிருந்தால் மூன்றாவது. வெளியில் இருப்பவருக்கு ஒரே எண். ஆறு இலக்கமாக இருந்து, முன்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டு ஏழு இலக்கமான எண். அது அச்சடித்த தினசரிக் காலண்டர் சுற்றுவட்டார மருந்துக்கடைச் சுவர்களில் எல்லாம் தொங்குகிறது. ஆர்டர் போடக் கைப்பேசிச் செயலி ஒன்றும் கடைக்கு இருக்கிறது. அதில் ஆர்டர் போட்டுவிட்டு, “போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா?” என்று அதே எண்ணுக்குப் போன் செய்வார்கள்.

கடை இருந்தது பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். உத்தரம் உளுத்து, மழைக்கு மாத்திரைப் பெட்டி மேலேயே ஒழுக ஆரம்பித்ததால் இடித்துக் கட்டத் தீர்மானித்தார்கள். சரக்கு எல்லாம் முத்தியால்பேட்டையில் ஒரு முதல் மாடிக் கிடங்குக்குப் போனது. தொலைபேசியை மாற்ற மனு கொடுத்தார்கள். அந்தத் தெருவில் இனிமேல் செப்புக் கம்பி கிடையாது, ஃபைபர்தான், பெட்டியில் இடம் காலியாக வேண்டும், இருபது நாள் ஆகும் என்று பதில் வந்தது. சொன்ன ஊழியர் நல்ல மனிதர். இருபது நாள் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் பழைய சந்தில் கழிவுநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிய இயந்திரம் கேபிளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.

கணக்குப்பிள்ளைக்கு எழுபது வயது இருக்கும். அறுந்த கேபிள் முனையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்போது நம் எண் போய்விட்டதா தம்பி?”

பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. எண் கம்பியில் ஓடுவதாக நினைக்கிறார்கள். அது தொலைபேசி நிலையத்தில் ஒரு பதிவாக உட்கார்ந்திருக்கிறது, கம்பி என்பது அங்கிருந்து நம் மேசைக்கு வரும் நடைபாதை மட்டும். பாதை அறுந்தாலும் நிலையத்தில் எண் உயிரோடுதான் இருக்கும், “இந்த எண்ணுக்கு வருவதை அந்த எண்ணுக்குத் திருப்பு” என்று சொன்னால் கேட்கும். சாதாரணமாக அதை நம் போனிலேயே குறியீடு அழுத்திச் செய்துகொள்ளலாம். லைன் செத்துக் கிடக்கும்போது எங்கே அழுத்துவது? கடை முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்து, நிலையத்தில் உள்ளவர்கள் கையால் மாற்ற வேண்டும். இந்த ஒரு காரியத்துக்கு மூன்று நாள் அலைந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும்.

முதல் வாரம் மூன்று எண்களையும் மூன்று கைப்பேசிகளுக்குத் திருப்பிவிட்டோம். எவ்வளவு எளிது! இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பையன் கைப்பேசியோடு குளிரறைக்குள் போவான், சிக்னல் இருக்காது. இன்னொருவன் டீக்கடைக்குப் போவான், ஆர்டர் புத்தகம் மேசையில் இருக்கும். முதலாளியிடம் பேச வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், அதுவரை அந்த லைன் யாருக்கும் உதவாது. ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் ஒலியை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் சத்தமில்லாமல் அவன் பையிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. மேசையில் உட்கார்ந்து அழைப்பை வாங்கிக் கை மாற்றிவிடுகிற அந்தப் பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டி எத்தனை வேலை செய்துகொண்டிருந்தது என்பது அதைக் கழற்றி வைத்த பிறகுதான் கடைக்குத் தெரிந்தது.

ஆக, லைன்கள் மறுபடியும் அந்தப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். கம்பி இல்லாத இடத்தில் அதற்கு இரண்டு வழி. சிம் அட்டை போடும் மேசைத் தொலைபேசி ஒன்று. இணைய எண் வாங்கி, ஏடிஏ என்கிற பெட்டியை வைப்பது இன்னொன்று. நான் இரண்டையும் வைத்தேன். ஏன் என்பது நவம்பர் கடைசியில் தெரிந்தது.

ஏடிஏ உள்ளங்கை அகலப் பெட்டி. ஒரு பக்கம் இணைய வயர் செருகுவோம். மறுபக்கம் சாதாரண போன் சொருகும் துளைகள், நான் வாங்கியதில் நான்கு. பழைய போன் எதையெல்லாம் நிலையத்திடமிருந்து எதிர்பார்க்குமோ அதையெல்லாம் இந்தப் பெட்டி நடித்துக் காட்டும். ரிசீவர் கீழே இருக்கும்போது 48 வோல்ட்டை ஒட்டி நேர் மின்னழுத்தம், எடுத்தால் ‘ங்’ என்ற டயல் ஒலி, அழைப்பு வந்தால் எழுபது வோல்ட்டுக்குக் குறையாத மாற்று மின்னோட்டம். இந்தக் கடைசிச் சமாசாரத்தை நான் விரலால் தெரிந்துகொண்டேன். இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ பாகூரிலிருந்து கூப்பிட்டார்கள். மின்வாரிய வயர் அளவுக்கு இல்லை என்றாலும் பல் கிட்டிவிட்டது.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் பேசுவது இந்த நாட்டில் நெடுங்காலம் அரைக்கதவு திறந்த வீடாக இருந்தது. 2002 ஏப்ரலிலிருந்து கணினியில் இருந்து வெளிநாட்டுத் தொலைபேசியைக் கூப்பிடலாம், பக்கத்துத் தெரு தொலைபேசியைக் கூப்பிடக்கூடாது. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்து, 2018இல் தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்திய பிறகுதான், உரிமம் பெற்ற நிறுவனங்கள் எந்த இணைய இணைப்பின் மேலும் ஓடுகிற தொலைபேசி எண்ணைத் தர வழி பிறந்தது. நான் அப்படி உரிமம் உள்ள இடத்தில், கடையின் ஆவணங்களைக் கொடுத்து நான்கு எண்கள் வாங்கினேன். இதைவிட மலிவாக வெளிநாட்டு எண் வாங்கித் தருகிறேன், சிம் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி இணையத்தோடு கோத்துத் தருகிறேன் என்று ஓர் ஆள் வந்தார். நூற்றுக்கணக்கில் சிம் செருகி, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக வேடம் போட வைத்துப் போலீசில் மாட்டுகிறவர்களின் படம் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. மருந்துக் கடைக்கு அந்தப் படத்தில் இடம் வேண்டாம் என்று அவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எண் கிடைத்தது, பெட்டி கிடைத்தது. கிடங்கில் இணையம்தான் இல்லை. அதற்கும் “இருபது நாள்”. ஆனால் எதிர் வரிசையில், அறுபது மீட்டர் தள்ளி, முதலாளியின் மைத்துனர் வீட்டில் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தது. நடுவில் சரக்கு லாரிகள் போகும் தெரு. வயரைத் தெருவுக்கு மேல் இழுத்தால் முதல் லாரியே அதைத் தோரணம்போல் சுமந்துகொண்டு கடலூர் சாலைக்குப் போய்விடும்.

முதலில் நான் செய்தது கஞ்சத்தனமான வேலை. பில் போடும் கணினியில் கட்டைவிரல் பருமனில் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகி, மைத்துனர் வீட்டு வைஃபையைப் பிடித்து, அதை அந்தக் கணினி வழியாகவே ஏடிஏவுக்குப் பகிர்ந்தேன். போன் மணி அடித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்றரை மணிக்கு பில் போடும் பெண் கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மூன்று லைன்களும் சேர்ந்து சாப்பிடப் போயின.

கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் பேச்சு தேறவில்லை. அந்தத் தெருவில் கைப்பேசியில் தேடிப் பார்த்தால் முப்பதுக்கு மேல் வைஃபை பெயர்கள் வந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. முப்பது வீட்டுக்காரர்கள் மூன்று குழாயடியில் குடத்தோடு நின்றால் என்ன நடக்குமோ அது நடந்துகொண்டிருந்தது. படம் பார்க்கிறவருக்கு இது தெரியாது, ஏனென்றால் படம் முன்கூட்டியே கொஞ்சம் இறங்கி வைத்துக்கொள்ளும். பேச்சுக்கு அந்த வசதி கிடையாது.

இதைக் கொஞ்சம் விளக்க ஆசைப்படுகிறேன், என்னைக் கூப்பிடுகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் தவறாமல் “எத்தனை எம்பி வேகம் வேண்டும்?” என்றுதான் தொடங்குகிறார்கள். பேச்சை நொடிக்கு ஐம்பது துண்டாக, இருபது மில்லிநொடிக்கு ஒன்றாக நறுக்கி அனுப்புகிறது ஏடிஏ. ஜி.711 என்கிற பழைய முறையில் அதற்கு ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட் போதும். நான்கு லைனும் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட்டைத் தொடாது. வேகம் பிரச்சினையே இல்லை. ஐம்பது துண்டும் வரிசையாக, இடைவெளி மாறாமல் வந்து சேர வேண்டும். பந்தியில் இலையை எடுத்த பிறகு பாயசம் எவ்வளவு வந்தால் என்ன? தாமதமாக வந்த துண்டைக் கருவி தூக்கி எறிந்துவிடும், காதில் அது வெட்டாக விழும். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு 150 மில்லிநொடிக்குள் போனால்தான் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் இடறாமல் பேசலாம் என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே சமயத்தில் “சொல்லுங்கள்” என்பார்கள், இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள்.

யூஎஸ்பி அடாப்டரைப் பிடுங்கி என் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, மொட்டை மாடியில் பொருத்துகிற ஒரு ஜோடி 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் கருவிகளை வாங்கினேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், மற்றவர் பேச்சைக் கேட்காது. அவற்றைக் கோணம் பார்த்துத் திருப்புவதற்கு என் குருவை அழைத்துப் போனேன். ஓய்வுபெற்றவர், கம்பியில்லாத் தொலைபேசி ஆன்டெனாக்களை ஊர் ஊராக ஏற்றியவர். பைப்பைப் பிடித்துக்கொண்டே பழங்கதை ஆரம்பித்துவிட்டார். 1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கோர்டெக்ட் என்கிற கம்பியில்லாத் தொலைபேசி. சுவரில் ஒரு பெட்டி, அதில் போனும் 35, 70 கிலோபிட் இணையமும் ஒன்றாக வரும். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமங்களுக்கு விஎச்எஃப் வானொலியில் பேச்சையும் தரவையும் அனுப்பியது. அதில் ஒரு மையத்தின் ஒலிபெருக்கி. “நல்லவாடு தெரியுமா? சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஊர் மேடேறிவிட்டது. போன் மணி அடிக்க வேண்டுமடா, அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைக் கீழே தவறவிட்டார். அது மைத்துனர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியில் விழுந்த சத்தத்துக்கு அந்தம்மா மேலே ஓடி வந்துவிட்டார்.

பிரிட்ஜ் நன்றாகப் பிடித்தது. அதன் பிறகு வந்தவை சில்லறைத் தொல்லைகள். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்று முதல் நாள். மைத்துனர் வீட்டு ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி, பேச்சுக்கு உதவுகிறேன் என்று நடுவில் புகுந்து முகவரியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. உதவ வந்த உறவினர்களைப் போலத்தான், அணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இன்னொன்று என்னை நான்கு நாள் அலைய வைத்தது. ஒரு அழைப்பு முடிந்து வெளியாள் போனை வைத்த பிறகும் எங்கள் ஈபிஏபிஎக்ஸில் அந்த லைன் விளக்கு அணையாது. பதினொரு மணிக்குள் மூன்றும் எரிந்தபடியே நிற்கும், புது அழைப்பு வராது. பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகும், அரை மணியில் மறுபடியும். யோசித்துப் பார்த்தேன். எதிர்முனை வைத்துவிட்டதைப் பழைய பெட்டி எப்படித் தெரிந்துகொள்கிறது? பிஸி ஒலியைக் கேட்டுத்தான். நம் நாட்டு பிஸி ஒலி 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி ஓயும். இந்த ஏடிஏ வாங்கி வந்தபோதே அமெரிக்க ஒலியில் அமைந்திருந்தது, 480உம் 620உம் கலந்து, அரை நொடி ஒலித்து அரை நொடி ஓயும். என் ஈபிஏபிஎக்ஸுக்கு அந்த பாஷை தெரியாது. போன் வைக்கப்பட்டதாக அது நம்பவே இல்லை. அமைப்புப் பக்கத்தில் இந்தியாவின் எண்களை எழுதிச் சேமித்தேன், மூன்று விளக்கும் ஒழுங்காக அணைந்தன. விளக்கு அணைவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்தத் தெருவில் என்னைத் தவிர இருந்திருக்க மாட்டார்.

எல்லாம் சரியான பிறகுதான் கணக்குப்பிள்ளை வேறு புகார் சொல்ல ஆரம்பித்தார். “காலையில் நன்றாக இருக்கிறது தம்பி. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பேச்சு உடைகிறது. ஐந்து மணிக்கு மேல் பழையபடி நன்றாகிவிடுகிறது.” நான் நம்பவில்லை. மைத்துனர் வீட்டுப் பையன் பள்ளி விட்டு வந்து விளையாடுகிறானோ என்று பார்த்தேன், அவன் வருவது நாலரைக்கு. கண்காணிப்பு கேமரா பதிவை மேலேற்றுகிறதோ என்று அதை நிறுத்தினேன். ரவுட்டர் சூடாகிறதோ என்று அதற்கு ஒரு மின்விசிறிகூட வைத்தேன். நாற்பது ரூபாய் ஆர்டரை நான்கு முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. “அமாக்ஸிசிலின்” என்பதில் “சிலின்” மட்டும் வந்து சேர்ந்தால் எந்த சிலின் என்று எப்படி எழுதுவது? மருந்தில் இந்த விளையாட்டு ஆகாது.

ஒருநாள் சாப்பாட்டை மடித்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடியிலேயே போய் உட்கார்ந்தேன். ஒன்றே முக்காலுக்குக் கடற்காற்று எழுந்தது. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வியர்த்து வழிந்துகொண்டிருக்கும்போது கிழக்கேயிருந்து திடீரென்று ஒரு குளிர்ச்சி வருமே, அதேதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில், சற்றே கிழக்கே தள்ளி, ஒரு தென்னை நின்றது. காலையில் அதன் கீற்றுகள் நேராகத் தொங்கின. காற்று வந்ததும் இரண்டு மட்டைகள் மட்டும் மேற்கே வளைந்து, என் இரண்டு கருவிகளுக்கும் நடுவில் விசிறி போட ஆரம்பித்தன. வளையும், விலகும், மறுபடியும் வளையும். கையில் இருந்த கருவியில் சிக்னல் அளவும் அதே தாளத்தில் இறங்கி ஏறியது. கண்ணுக்கு நேர்க்கோடு தெரிந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அறுபது மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு முழ ஆரத்துக்குத் தடையில்லாத இடம் வேண்டும், அதில் ஈரப்பசையுள்ள இலை நுழைந்தால் அலையைக் குடித்துவிடும்.

மரம் மூன்றாவது வீட்டுக்காரர்களுடையது. மட்டையை வெட்ட அனுமதி கேட்டால், அது பச்சை மட்டை, காய்ப்பு போய்விடும் என்று அந்த வீட்டுப் பாட்டி மறுத்துவிட்டார். நியாயம்தான். கடைசியில் மரமேறி ஒருவரை வைத்து, இரண்டு மட்டைகளையும் தேங்காய் நார்க் கயிற்றால் அடுத்த மட்டையோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். என் வேலைப் பட்டியலில் ‘தென்னைக்கு ஜடை போட்டது: 300 ரூபாய்’ என்று எழுதியதைக் கணக்குப்பிள்ளை மறுபேச்சில்லாமல் பாஸ் செய்தார்.

நவம்பர் வந்தது, ஃபைபர் வரவில்லை. தற்காலிகம் என்று போட்டது நான்காம் மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. 28ஆம் தேதி முதலே புயல் பேச்சு. எனக்கு ‘தானே’ புயல் நினைவு வந்துவிட்டது. 2011 டிசம்பர் 30 விடியலில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏறியபோது மின்கம்பங்கள் தீக்குச்சிபோல் ஒடிந்து கிடந்தன. அப்போது மண்ணுக்கடியில் ஓடிய செப்புக் கேபிள் பிழைத்த இடங்களில் போன் மட்டும் வேலை செய்தது. காரணம், அந்தக் கம்பிக்கு மின்சாரம் தந்தது நிலையத்து பேட்டரி, நம் வீட்டு மின்சாரம் இல்லை. நான் இப்போது அமைத்திருப்பதில் ஏடிஏ, இரண்டு பிரிட்ஜ், இரண்டு ரவுட்டர், ஒவ்வொன்றும் ஒரு பிளக்கை நம்பி நிற்கிறது. எல்லாம் சேர்ந்து முப்பது வாட்கூட இழுக்காது என்றாலும், அந்த முப்பது வாட்டை யார் தருவது?

கிடங்கில் குளிர்பெட்டிக்காக வைத்திருந்த 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ஈபிஏபிஎக்ஸுக்கும் ஏடிஏவுக்கும் கிடங்கு ரவுட்டருக்கும் ஒரு பங்கு வாங்கினேன். அந்த ரவுட்டரில் ஒரு 4ஜி டாங்கிளைச் செருகி, ஃபைபர் போனால் அதற்கு மாறிக்கொள்ளும்படி வைத்தேன். அதற்காகப் பேச்சை ஜி.729 என்கிற சிக்கன முறைக்குச் சுருக்கினேன். அதில் 20 பைட் பேச்சுக்கு 40 பைட் முகவரி போகிறது, மணியார்டர் பணத்தைவிடக் கமிஷன் அதிகம், ஆனாலும் மொத்தம் குறைவு. கடைசியாக, இணைய எண் கொடுத்தவர்களின் பக்கத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினேன்: கருவி கிடைக்கவில்லை என்றால் அழைப்பை எங்கே அனுப்புவது? அதில் அந்தச் சிம் போட்ட மேசைத் தொலைபேசியின் எண்ணை எழுதினேன். அதற்குள் இருந்தது வேறொரு நிறுவனத்தின் சிம். ஏடிஏ மீது ‘108, 112க்கு உங்கள் கைப்பேசியில் பேசவும்’ என்று ஏற்கெனவே ஒட்டியிருந்த சீட்டை இன்னொரு முறை நன்றாக ஒட்டினேன். இணைய எண்ணை நம்பி அவசர அழைப்பை விடக்கூடாது, நாம் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெங்கல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஏறிய புயல் உள்ளே போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அது நகராமல் எங்கள் தலைமேலேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஞாயிறு காலையில் கிருஷ்ணா நகரில் ராணுவம் படகில் ஆட்களை மீட்டது. என் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். கைப்பேசியில் ஏடிஏவின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனி இரவு மின்சாரம் போனது, பிறகு ஃபைபர் போனது, 4ஜிக்கு மாறியது. நள்ளிரவைத் தாண்டி டாங்கிளும் ஓய்ந்தது. அந்தக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். அதோடு என் கைப்பேசியிலும் கோடு மறைந்தது, பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போகும்போது மணி பத்து. படியில் ஈரச் செருப்புகள். கணக்குப்பிள்ளை மேசைக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிம் போனைக் காதில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஓஆர்எஸ், டாக்ஸிசைக்ளின், பஞ்சு, காயத்துக்கு மருந்து. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக்கொண்டிருந்தது, கடலூர்ப் பக்கம் தண்ணீர் புகுவதற்குள் சரக்கை வாங்கி மேலே அடுக்கிவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் அவசரப்பட்டார்கள். எல்லோரும் கூப்பிட்டது சுவரில் தொங்கும் காலண்டரில் உள்ள அதே எண்ணைத்தான். அது தொலைபேசி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து இணைய எண்ணுக்குத் திரும்பி, அங்கே பதில் இல்லாததால் மூன்றாவதாக இந்தச் சிம்முக்கு வந்து மணி அடித்திருக்கிறது. மூன்று லைன் இருந்த இடத்தில் ஒன்று. “பிஸியாகவே இருக்கிறதே” என்று எல்லோரும் திட்டினார்களாம். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். இரண்டு ஆன்டெனாக்களும் நின்றன, கிடங்குப் பக்கத்தது மட்டும் கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தென்னையின் உச்சி நன்றாகக் கலைந்திருந்தது. நாங்கள் கட்டிய இரண்டு மட்டைகளும் கட்டோடு அப்படியே இருந்தன, கட்டாதவற்றில் நான்கைந்து முறிந்து பாட்டியின் ஓட்டுக்கூரை மேல் கிடந்தன. “உன் கயிற்றை எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கலாம்” என்று பாட்டி கீழேயிருந்து கத்தினார்.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஃபைபர் வந்தது. பொருத்த வந்த பையன் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினான். அதன் அடியில் போன் சொருகும் துளை. எங்கள் பழைய எண் அதில் இறங்கியது. கணக்குப்பிள்ளை ரிசீவரை எடுத்து டயல் ஒலியைக் கொஞ்ச நேரம் கேட்டார். “இது சரி. இதுதான் முறையான கம்பி லைன். நீங்கள் வைத்தது ஆயிரம்தான் இருந்தாலும் காற்றில் வருவதுதானே தம்பி” என்றார். அந்த வெள்ளைப் பெட்டிக்குள்ளும் ஓர் ஏடிஏ தான் இருக்கிறது, அவர் குரலை அதுவும் நொடிக்கு ஐம்பது துண்டாகத்தான் நறுக்குகிறது, மின்சாரம் போனால் அதுவும் கண்ணை மூடிவிடும். “ஆமாம் ஐயா” என்று சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் வயரையும் இன்வெர்ட்டர் பக்கம் செருகினேன்.

என் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்குப் போனேன். ஆன்டெனாவை மட்டும் கழற்ற முடிந்தது. பைப்பை விட்டுவிடச் சொன்னார் மைத்துனர், அதன் ஒரு முனையில் ஏற்கெனவே துணிக்கொடி கட்டியாகிவிட்டது.